கையடக்க டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டரில் ஹைட்ரஜன் பெராக்சைடின் செறிவை அளப்பது எப்படி?

கேனின் மேல் 35% என்று அச்சிட்டிருக்கும். அது நிரப்பிய அன்றைய கணக்கு. கேனைத் திறந்து மூடி, வெயில் படும் இடத்தில் சில மாதம் வைத்திருந்தால் உள்ளே இருப்பது 35 ஆகவும் இருக்கலாம், 31 ஆகவும் இருக்கலாம். நிறத்தைப் பார்த்தோ மணத்தை வைத்தோ கண்டுபிடிக்க வழியில்லை. டைட்ரேஷன், அதாவது அளவு தெரிந்த வேறொரு கரைசலை விட்டு வேதிவினையால் செறிவைக் கணக்கிடும் முறை, செய்ய ஆய்வகம் இல்லாதவர்களுக்குச் சட்டென்று கைகொடுப்பது கையடக்க டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டர்தான். ஒரு துளி விட்டு பட்டனை அழுத்தினால் சில நொடியில் எண் வந்துவிடும்.

எண் வருவது எளிது, அது சரியான எண்ணாக இருப்பதுதான் கடினம். கருவியோடு வரும் கையேட்டில் பெரும்பாலும் சர்க்கரைக் கரைசலை அளப்பது பற்றித்தான் எழுதியிருக்கும். பெராக்சைடுக்கு என்ன மாறும் என்பதை நான் பல இடங்களில் தேடித் தேடி, அளந்து பார்த்து, தட்டுத் தடுமாறித்தான் சேர்த்தேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவிக்குப் பெராக்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. அடியில் இருக்கும் எல்இடி விளக்கின் மஞ்சள் ஒளியை ப்ரிஸம் வழியாகத் திரவத்தின் எல்லைக்கு அனுப்பி, எந்தக் கோணத்தில் ஒளி முழுதாகத் திரும்பி வருகிறது என்று ஒரு உணரியில் பார்க்கிறது. அதிலிருந்து ஒளிவிலகல் எண்ணை, அதாவது அந்தத் திரவம் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதற்கான எண்ணை, கணக்கிடுகிறது. அவ்வளவுதான். திரையில் தெரியும் சதவீதம் அந்த எண்ணிலிருந்து ஒரு அட்டவணையைப் பார்த்துச் சொல்வது. கீழே வரும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் இதிலிருந்து பிறப்பவைதான்.

1. உங்கள் திரவம் இந்தக் கருவிக்கு ஏற்றதா?

தண்ணீரும் பெராக்சைடும் மட்டும் உள்ள கரைசல் என்றால் ரிஃப்ராக்டோமீட்டர் நன்றாக வேலை செய்யும். பெராக்சைடு சிதையாமல் இருக்கச் சேர்க்கும் நிலைப்படுத்திகள் மிகச் சிறிய அளவில் சேர்ந்திருப்பதால் பெரிய வேறுபாடு வராது. வேறு எதுவும் கணிசமாகக் கரைந்திருந்தால் அதையும் கருவி பெராக்சைடு என்றே எண்ணிக்கொள்ளும். உப்பு, சோப்பு, கிளிசரின், ஆல்கஹால், அமிலம் எல்லாமே ஒளியை வளைக்கும்.

அதனால் பெராசிட்டிக் அமிலக் கலவை, தலைமுடிக்கான கிரீம் டெவலப்பர், வாசனையும் சோப்பும் சேர்த்த கிருமிநாசினி ஆகியவற்றை இதில் அளக்க வேண்டாம். துணி வெளுக்கும் தொட்டியில் காஸ்டிக்கும் சேர்ந்திருக்கும். அதுவும் கூடாது.

அடுத்து செறிவு. பெராக்சைடு 1% கூடினால் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0007 கூடுகிறது. கையடக்கக் கருவிகளின் வழக்கமான துல்லியம் கூட்டியோ குறைத்தோ 0.0003. அதாவது சதவீதத்தில் ஏறக்குறைய அரை வரை பிழை இருக்கும். 35% கரைசலில் அரை சதவீதம் பெரிதில்லை. 3% கரைசலில் அரை சதவீதம் என்றால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. 10 சதவீதத்துக்குக் கீழே அளப்பதற்கு இந்தக் கருவியை நம்பி வாங்காதீர்கள் என்பது என் கருத்து. மருந்துக்கடை 3% புட்டியைச் சோதிக்க நினைப்பவர்களுக்கு டைட்ரேஷன்தான் வழி. தண்ணீரில் மிகக் குறைந்த அளவில் மிஞ்சியிருக்கும் பெராக்சைடைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்றே சோதனைத் தாள்கள் இருக்கின்றன.

2. எந்த அளவுகோல் உள்ள கருவி?

கடையில் மூன்று வகை கிடைக்கும்.

முதலாவது, பெராக்சைடு சதவீதத்தை நேராகக் காட்டுவது. சில தயாரிப்பாளர்கள் இதற்கென்றே தனி மாடல் விற்கிறார்கள். விலை கூடுதல். தினமும் அளக்க வேண்டியிருந்தால், அதுவும் பலர் கையில் கருவி புழங்குமானால், இதையே வாங்குங்கள். கணக்குப் போடும்போது வரும் பிழை ஒழிந்துவிடும்.

இரண்டாவது, ஒளிவிலகல் எண்ணையே காட்டுவது. 20 டிகிரி செல்சியஸில் தண்ணீருக்கு 1.3330 என்று வரும். 25 டிகிரியில் 35% பெராக்சைடு ஏறத்தாழ 1.356, 50% ஏறத்தாழ 1.367. அட்டவணை கையில் இருந்தால் போதும். எனக்குப் பிடித்தது இந்த வகைதான். கருவி உண்மையில் அளப்பதை ஒளிக்காமல் காட்டுகிறது.

மூன்றாவது, பிரிக்ஸ் அளவுகோல். இது சர்க்கரைக்கானது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் திரையில் வரும் எண் பெராக்சைடு சதவீதம் இல்லை. 35% பெராக்சைடை விட்டால் 16 பிரிக்ஸ் அளவில் காட்டும். 50% என்றால் 22 அல்லது 23. பிரிக்ஸை ஏறத்தாழ 2.2 ஆல் பெருக்கினால் பெராக்சைடு சதவீதம் கிட்டத்தட்ட வரும். இதைத் தெரியாமல் 16 என்று பார்த்துவிட்டு, பாதிச் சரக்கு கெட்டுப்போய்விட்டது என்று விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பெருக்கல் கணக்கு தோராயத்துக்கு மட்டும்தான். சரியாக வேண்டுமானால் 7ஆம் படியில் சொல்வதுபோல் உங்கள் கருவிக்கே ஒரு அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் இன்னொரு கேள்வியைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: துளி விடும் தட்டும், ப்ரிஸமும், இரண்டையும் ஒட்டியிருக்கும் பசையும் நீங்கள் அளக்கப்போகும் செறிவுள்ள பெராக்சைடைத் தாங்குமா? ப்ரிஸத்தைவிட அதைச் சுற்றியிருக்கும் பசையும் தட்டும்தான் முதலில் பாதிக்கப்படும். பழரசத்துக்காகச் செய்த கருவியில் 50% பெராக்சைடைத் தினமும் விட்டால் அது நெடுநாள் உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

3. கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

பெராக்சைடு விற்பவரிடம் இரண்டு: பாதுகாப்புத் தரவுத் தாள், அந்தத் தொகுப்புக்கான பகுப்பாய்வுச் சான்றிதழ். இரண்டாவதில் செறிவு, அது எடைக்கணக்கா கனஅளவுக்கணக்கா, தொகுதி எண், தயாரித்த தேதி, ஆவியாக்கினால் மிஞ்சும் கசடு எவ்வளவு என்பவற்றைப் பாருங்கள். கசடு குறைவாக இருந்தால் ரிஃப்ராக்டோமீட்டரைக் குழப்பும் பொருளும் குறைவு. பொதுவான மாதிரித் தாளை அனுப்பினால் ஏற்காமல், உங்கள் கேனில் இருக்கும் தொகுதி எண்ணுக்கானதைக் கேளுங்கள்.

கருவி விற்பவரிடம் அளவுத்திருத்தச் சான்றிதழ். தணிக்கை வரும் தொழிற்கூடமாக இருந்தால் இது இல்லாமல் வாங்க வேண்டாம். சான்றிதழைப் பிற்பாடு தனியாக வாங்குவதற்குக் கட்டணம் ஆகும், கருவியைத் திருப்பி அனுப்பிக் காத்திருக்கவும் வேண்டியிருக்கும்.

4. கையுறை, கண்ணாடி, தண்ணீர்

ஒரு துளிதானே என்று எண்ண வேண்டாம். அந்தத் துளியை எடுப்பது பெரிய கேனிலிருந்து. 35% பெராக்சைடு தோலில் பட்டால் வெள்ளைத் திட்டு விழுந்து எரியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. நைட்ரைல் கையுறையும் பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கை எட்டும் தூரத்தில் ஓடும் தண்ணீர் இருக்க வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள்.

மாதிரி எடுக்கப் பிளாஸ்டிக் துளிக்குழாய் மட்டும். இரும்பு, செம்பு, பித்தளை எதுவும் அருகே வரக்கூடாது. இந்த உலோகங்கள் மிகச் சிறிய அளவில் பட்டாலே பெராக்சைடு சிதைந்து ஆக்சிஜனும் சூடும் வெளியே வரும். எடுத்த மாதிரி மிஞ்சினால் அதைக் கேனில் திருப்பி ஊற்றவே கூடாது. ஒரு துளி அழுக்கு முழுக் கேனையும் கெடுக்கப் போதும். மிஞ்சியதை நிறையத் தண்ணீரில் கலந்து நீர்த்து, பாதுகாப்புத் தரவுத் தாளில் சொல்லியபடி அகற்றுங்கள்.

மாதிரிப் புட்டியை இறுக்கி மூடாதீர்கள். ஆக்சிஜன் சேர்ந்து புட்டி உப்பும், வெடிக்கவும் செய்யும். பெராக்சைடைத் துடைத்த டிஷ்யூவை அப்படியே குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. அடர்த்தியான பெராக்சைடு காகிதத்தில் ஊறி உலரும்போது தீப்பற்ற வாய்ப்புண்டு. தண்ணீரில் நன்றாக அலசிய பிறகு போடுங்கள்.

5. பூஜ்யத்தைச் சரிபார்ப்பது, வெப்பநிலையைச் சமமாக்குவது

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

காய்ச்சி வடித்த நீரை ப்ரிஸம் முழுவதும் மூடும்படி விடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் பூஜ்ய பட்டனை அழுத்துங்கள். பிறகு துடைத்து, மறுபடி அதே நீரை விட்டு அளந்து பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும், அல்லது ஒளிவிலகல் எண் காட்டும் கருவியில் அந்த வெப்பநிலைக்கான தண்ணீரின் எண் வர வேண்டும்.

பூஜ்யம் சரியாக இருப்பதால் மேலே உள்ள எண்களும் சரி என்று ஆகிவிடாது. அதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. 10.0 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 90.0 கிராம் காய்ச்சி வடித்த நீரில் முழுதாகக் கரையுங்கள். பிரிக்ஸ் கருவியில் 10.0 வர வேண்டும். ஒளிவிலகல் எண் கருவியில் 20 டிகிரியில் 1.3478. இதை மாதம் ஒருமுறை புதிதாகக் கரைத்துச் செய்யலாம். பழைய சர்க்கரைத் தண்ணீர் புளித்துவிடும், உதவாது.

இனி வெப்பநிலை. புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். 20 டிகிரிக்குப் பக்கத்தில் தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணே ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.0001 குறைகிறது. 10 டிகிரி வித்தியாசம் என்றால் 0.001. பெராக்சைடு கணக்கில் அது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

கருவியில்தான் ஏடிசி என்ற தானியங்கி வெப்பநிலைத் திருத்தம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் பிரிக்ஸ் கருவியில் அது சர்க்கரைக் கரைசலுக்காக எழுதியது. சர்க்கரையும் பெராக்சைடும் சூட்டில் ஒரே அளவில் மாறுவதில்லை. பெராக்சைடு அளவுகோல் உள்ள கருவியில் திருத்தம் பெராக்சைடுக்கானது, அதனால் கவலை குறைவு. மற்ற இரண்டு வகையிலும் எப்போதும் ஒரே வெப்பநிலையில் அளப்பதுதான் பாதுகாப்பு. 20 அல்லது 25, எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்: கருவி, காய்ச்சி வடித்த நீர், மூடி தளர்வாக உள்ள சிறு மாதிரிப் புட்டி மூன்றையும் ஒரே மேசையில், வெயில் படாமல், அரை மணி நேரம் வையுங்கள். மூன்றும் அறையின் வெப்பநிலைக்கு வந்துவிடும். கிடங்கிலிருந்து எடுத்துவந்த சூட்டோடு அளந்தால், ப்ரிஸத்தில் துளி ஆற ஆற எண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

6. அளப்பது

ப்ரிஸத்தைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, மெல்லிய டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஒரு துளி நீர் மிஞ்சினாலும் மாதிரி நீர்த்துவிடும். அதனால் முதலில் கொஞ்சம் பெராக்சைடை விட்டு, ஒற்றி எடுத்துவிட்டு, இரண்டாவது முறை விடுவதையே அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். கருவிக்கு வேண்டியது சுமார் 0.3 மில்லிலிட்டர்தான்.

துளி விட்டதும் குமிழி இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். துளிக்குழாயிலிருந்து வந்த காற்றுக் குமிழி என்றால் மீண்டும் விட்டால் போய்விடும். ப்ரிஸத்தின் மேலேயே பொடிப்பொடியாகக் குமிழி புதிதாகக் கிளம்பிக்கொண்டே இருந்தால் சங்கதி வேறு. ப்ரிஸமோ தட்டோ அழுக்காக இருக்கிறது, பெராக்சைடு அங்கேயே சிதைகிறது. அந்த அளவை எழுதாதீர்கள். கழுவிவிட்டு மறுபடி தொடங்குங்கள். சுத்தம் செய்தும் குமிழி நிற்கவில்லை என்றால் தட்டின் உலோகம் பெராக்சைடுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள்.

15 முதல் 30 நொடி காத்திருந்து பட்டனை அழுத்துங்கள். அதற்கு மேல் துளியைத் திறந்து விட்டுவைக்க வேண்டாம். பெராக்சைடின் கொதிநிலை 150 டிகிரி. தண்ணீர்தான் முதலில் ஆவியாகும். அதனால் துளி காத்திருக்கக் காத்திருக்க எண் மெல்ல ஏறும். மேலே வெயிலோ பளீர் விளக்கோ இருந்தால் கையால் மறைத்துக்கொண்டு அளங்கள். வெளி ஒளி அதிகமானால் பல கருவிகள் பிழைச் செய்தி காட்டும், சில காட்டாமலே தவறான எண்ணைத் தரும்.

மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துளியோடு அளங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று 0.2 பிரிக்ஸ் அல்லது 0.0003 ஒளிவிலகல் எண்ணுக்குள் இருந்தால் சராசரியை எடுங்கள். இல்லையென்றால் வெப்பநிலை இன்னும் நிலைக்கவில்லை, அல்லது ப்ரிஸம் சுத்தமாக இல்லை.

முடிந்ததும் உடனே நிறைய நீரால் கழுவுங்கள். பெராக்சைடைத் தட்டில் உலரவிடுவது கருவிக்குக் கேடு.

7. உங்கள் கருவிக்கென ஒரு அட்டவணை

பெராக்சைடு அளவுகோல் உள்ள கருவி வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. ஒரு பிற்பகல் போதும்.

சான்றிதழோடு புதிதாக வந்த 35% பெராக்சைடு வேண்டும். 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். சுத்தமான பிளாஸ்டிக் குவளையில் 80 கிராம் பெராக்சைடோடு 20 கிராம் காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் 28%. 60க்கு 40 சேர்த்தால் 21%. 40க்கு 60 சேர்த்தால் 14%. 20க்கு 80 சேர்த்தால் 7%. நீர்த்தாத 35 சதவீதத்தோடும் வெறும் தண்ணீரோடும் சேர்த்து ஆறு புள்ளிகள் கிடைக்கும். சான்றிதழில் 35.4 என்று இருந்தால் எல்லாவற்றையும் அந்த எண்ணிலிருந்தே கணக்கிடுங்கள்.

ஒவ்வொன்றையும் ஒரே வெப்பநிலையில் மும்மூன்று முறை அளந்து, வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். கிட்டத்தட்ட நேர்கோடு வரும். ஒரு புள்ளி மட்டும் தள்ளி நின்றால் அந்தக் குவளையை மறுபடி தயாரியுங்கள். கோட்டின் கீழே வெப்பநிலையையும் கருவியின் வரிசை எண்ணையும் எழுதி வையுங்கள். இன்னொரு கருவிக்கு இதே கோட்டைப் பயன்படுத்த வேண்டாம்.

8. எண் வந்துவிட்டது, அது எந்தச் சதவீதம்?

ரிஃப்ராக்டோமீட்டர் தருவது எடைக்கு எடைச் சதவீதம். 100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் பெராக்சைடு என்ற கணக்கு. புட்டிகளிலோ சில சமயம் எடைக்குக் கனஅளவு போட்டிருப்பார்கள், அதாவது 100 மில்லிலிட்டரில் எத்தனை கிராம். சில புட்டிகளில் 10 வால்யூம், 20 வால்யூம் என்றிருக்கும். அது ஒரு லிட்டர் கரைசல் எத்தனை லிட்டர் ஆக்சிஜன் தரும் என்ற கணக்கு.

மூன்றையும் கலந்துவிட்டால் பெரிய குழப்பம் வரும். 35% எடைக்கு எடை உள்ள கரைசலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.13 கிராம். 35ஐ 1.13 ஆல் பெருக்கினால் எடைக்குக் கனஅளவு 39.6%. வால்யூமில் ஏறத்தாழ 130. மூன்று எண்ணும் ஒரே கேனுக்குரியவை. 50% என்றால் அடர்த்தி 1.20, எடைக்குக் கனஅளவு 60%, வால்யூம் ஏறத்தாழ 200. சரக்கு சரியில்லை என்று முடிவு கட்டும் முன் இரண்டு பக்கமும் ஒரே கணக்கில்தான் பேசுகிறோமா என்று பாருங்கள்.

9. நீர்த்தபின் அளக்காதீர்கள், நீர்க்கும் முன் அளங்கள்

3% கரைசல் வேண்டும், கருவியோ 3 சதவீதத்தில் நம்பகமில்லை. என்ன செய்வது? அடர்த்தியான கேனை அளந்து, நீர்ப்பதைத் தராசிடம் விட்டுவிடுங்கள். தராசின் துல்லியம் ரிஃப்ராக்டோமீட்டரைவிடப் பல மடங்கு மேல்.

கணக்கு இதோ. கேன் 35% என்று அளந்தால், 100 கிராமில் 35 கிராம் பெராக்சைடு. அதை 3 சதவீதமாக்க மொத்தம் 1,167 கிராம் வர வேண்டும். அதாவது 1,067 கிராம் நீர் சேர்க்க வேண்டும். கேன் 32 சதவீதமாக இறங்கியிருந்தால் 967 கிராம் நீர்தான். லேபிளை நம்பி 1,067 சேர்த்திருந்தால் கரைசல் 2.7% ஆகியிருக்கும். சில வேலைகளுக்கு அந்த வித்தியாசம் பொருட்டில்லை. கிருமி நீக்கத்துக்கு என்றால் பொருட்டுண்டு.

10. டைட்ரேஷனோடு ஒப்பிடுவது

வருடத்துக்கு ஒருமுறையாவது, அல்லது புது விற்பனையாளரிடம் வாங்கும்போது, ஒரு மாதிரியை டைட்ரேஷனிலும் பாருங்கள். அது பெராக்சைடையே வேதிவினையால் எண்ணுகிறது. ஆய்வகத்துக்கு அனுப்பினால் கட்டணமும் சில நாள் காத்திருப்பும். அனுப்பும் புட்டியின் மூடி காற்று வெளியேறும் வகையாக இருக்க வேண்டும், அனுப்பும் முன் போக்குவரத்து விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். 20% முதல் 60% வரையிலான பெராக்சைடு ஐநா எண் 2014 கீழ் வரும் ஆபத்தான சரக்கு, சாதாரணத் தபாலில் போடுவதற்கில்லை.

ஆய்வகப் பழக்கம் உள்ளவர்கள் தாங்களே செய்யலாம். 1 கிராம் மாதிரியைத் துல்லியமாக எடைபோட்டு 250 மில்லிலிட்டராக நீர்த்து, அதில் 25 மில்லிலிட்டரை எடுத்து நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 0.1 நார்மல் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை மெல்லிய இளஞ்சிவப்பு நிலைக்கும் வரை விட வேண்டும். ஒரு மில்லிலிட்டர் பெர்மாங்கனேட் 1.701 மில்லிகிராம் பெராக்சைடுக்குச் சமம். 35% என்றால் 20.6 மில்லிலிட்டர் செலவாகும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்த வேண்டாம், பெர்மாங்கனேட் அதையும் தின்னும். கரிம நிலைப்படுத்தி உள்ள சரக்கிலும் பெர்மாங்கனேட் கூடுதலாகச் செலவாகும்.

இரண்டு முறைக்கும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துவந்தால் கருவியை நிம்மதியாகப் பயன்படுத்தலாம். ரிஃப்ராக்டோமீட்டர் மட்டும் தெளிவாகக் கூடுதலாகக் காட்டினால் திரவத்தில் வேறு ஏதோ கரைந்திருக்கிறது. டைட்ரேஷன் எண்ணையே நம்புங்கள், அந்தக் கேனைப் பற்றி விற்றவரிடம் கேளுங்கள்.

11. எழுதி வைப்பது

தேதி, கேனின் தொகுதி எண், திறந்த தேதி, அறை வெப்பநிலை, மூன்று அளவுகள், சராசரி. இவ்வளவு போதும். குளிர்ச்சியான இடத்தில் சுத்தமாக வைத்த நல்ல சரக்கு வருடத்துக்கு ஒரு சதவீதம்கூட இழக்காது. சூடு 10 டிகிரி கூடினால் சிதைவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நோட்டில் ஒரு கேனின் எண் மற்ற கேன்களைவிட வேகமாக இறங்கினால் அந்தக் கேனில் அழுக்கு புகுந்திருக்கிறது. கேனின் வெளிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தாலோ, உப்பியிருந்தாலோ, உள்ளே சலசலவென்று குமிழி ஓசை கேட்டாலோ அதை அளக்க நிற்க வேண்டாம். மூடியில் கை வைக்காமல், ஆட்களை அங்கிருந்து விலக்கி, பாதுகாப்புத் தரவுத் தாளில் உள்ள அவசர எண்ணுக்கு அழையுங்கள்.